பூட்டிய வீட்டுக்கு நோட்டீஸ் போடாதீர்கள்: செட்டிநாட்டில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு

அச்சகம் நடத்திய காலத்தில் நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்தவர் ஒருவர் பலகாரக் கடை திறந்தார். ஐயாயிரம் நோட்டீஸ், மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. காலைச் செய்தித்தாளுக்குள் வைத்துக் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நான்கு ஊருக்கும் அனுப்பினோம். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டேன். நோட்டீஸைப் பார்த்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணினார். ஒரு கையே போதுமாக இருந்தது. அதே வாரத்தில், அவர் கடைத் தேன்குழலைக் கடித்துப் பார்த்த ஆச்சி ஒருவர் தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அரை நிமிடக் குரல் பதிவு ஒன்றைப் போட்டிருக்கிறார். சென்னையிலிருந்து ஒரு சீர்ப் பலகார ஆர்டர், சிங்கப்பூரிலிருந்து இன்னொன்று. செலவு ஒரு காசில்லை.

நோட்டீஸின் எழுத்தில் குறையில்லை. அது போய் விழுந்த திண்ணைகளில் பாதி, ஆள் இல்லாத வீட்டுத் திண்ணைகள். செட்டிநாட்டில் விளம்பரம் செய்ய வருகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: பொருள் இங்கே இருக்கிறது, வாங்குகிறவர் இங்கே இல்லை. அவருடைய வீடு இங்கே பூட்டியிருக்கிறது; அவருடைய கண் சென்னையிலோ கோலாலம்பூரிலோ ஒரு கைப்பேசித் திரையில் இருக்கிறது. இங்கிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் கடிதத்தால் ஊரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தின் இடத்தில் இன்று குடும்பக் குழு உட்கார்ந்திருக்கிறது.

பலகாரம், ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை, பழைய வீட்டில் தங்கும் விடுதி என்று சிறிதாக ஏதேனும் தொடங்குகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடலாம். இரண்டு சொற்களை மட்டும் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது விளம்பரம். பிறர் நம்மைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லும்படி நடந்துகொள்வதும், அவர்கள் சொல்வதற்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பதும் மக்கள் தொடர்பு. முன்பு இரண்டுக்கும் தனித்தனி வாசல். இன்று இரண்டும் ஒரே கைப்பேசிக்குள் நுழைகின்றன. அதனால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

முதல் படி: பேரேட்டில் ஒரு பத்தி கூடுதலாக

விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஒரு மாதம் கேட்டு எழுதுங்கள். பில் போடும் நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து ஒரு பத்தி சேர்த்து, வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பெரும்பாலானோர், "சும்மா தெரியும்" என்பார்கள். அதோடு விடாதீர்கள். "போனில் பார்த்தீர்களா? யார் அனுப்பினார்கள்? பேப்பரில் வந்ததா?" என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டால் உண்மை வரும். முப்பது நாற்பது பேரிடம் கேட்டபின் உங்கள் நோட்டு உங்களுக்கே சொல்லிக்கொடுக்கத் தொடங்கும்.

ஒரே வீட்டுக்குள் எத்தனை பழக்கம் என்பதும் அப்போதுதான் தெரியும். நம் பக்கத்தில் ஐயா என்றால் தாத்தா, ஆயா என்றால் பாட்டி, அப்பச்சி என்றால் அப்பா, ஆத்தா என்றால் அம்மா. ஐயா காலையில் காபியோடு செய்தித்தாள் பார்க்கிறார். இரங்கல் விளம்பரம் உட்பட ஒரு வரி விடுவதில்லை. ஆயாவுக்கு மாலையில் தொலைக்காட்சித் தொடர், அதற்கு நடுவே யூடியூபில் சமையலும் கோயில் நேரலையும். அப்பச்சி வாட்ஸ்அப்பிலேயே செய்தி, வதந்தி, வங்கிக் கணக்கு எல்லாம் பார்த்துக்கொள்கிறார். கல்லூரிப் பெண்ணுக்கு இன்ஸ்டாகிராம்தான் கடைத்தெரு. தினத்தந்தியும் தினமலரும் வானொலியும் மட்டும் இருந்தபோது மூன்று இடத்தில் சொன்னால் ஊருக்கே சொன்னதாக ஆகிவிடும். 1993இல் சன் டிவி வந்தபோதும் குடும்பம் முழுதும் ஒரே பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிவானபின் அந்தப் பெட்டி ஆளுக்கொன்றாக உடைந்து சட்டைப்பைக்குள் போய்விட்டது. ஒரே செய்தியை எல்லோருக்கும் ஒரே விதமாகச் சொல்லும் வேலை அன்றோடு முடிந்தது.

ஆகவே வாங்குகிறவர் யார், வாங்கு என்று சொல்கிறவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். கல்யாணப் பலகாரத்துக்குப் பணம் கட்டுவது அப்பச்சி. எங்கே வாங்குவது என்று முடிவு செய்வது ஆயாவும் ஆத்தாவும். கடையைத் தேடிப் படத்தைக் காட்டுவது கல்லூரிப் பெண். மூன்று தரப்புக்கும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: பெயரும் முகவரியும்

இது சிறிய வேலை. ஆனால் செய்யாமல் விட்டவர்களே அதிகம். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, திறக்கும் நேரம், தொலைபேசி எண், வாசல் படம் மூன்றையும் போடுங்கள். வெளியூர்க்காரர் நம் ஊரில் தடுமாறுவது வாசலில்தான். எல்லா வீட்டு வாசலும் ஒன்றுபோல இருக்கும்; முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில்.

பெயரில் "செட்டிநாடு" என்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சொல்லை இன்று சென்னைச் சாப்பாட்டுக் கடை முதல் சிமென்ட் மூட்டை வரை எல்லோரும் வைத்திருக்கிறார்கள். தேடுகிறவருக்கு முதலில் வருவது எங்கோ இருக்கும் கோழி வறுவலாகத்தான் இருக்கும். ஆத்தங்குடி, கோட்டையூர், தேவகோட்டை என்று ஊர்ப் பெயரைச் சேருங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் தட்டுவார்கள். புழக்கத்தில் உள்ள எல்லா எழுத்துக்கூட்டலையும் விவரக் குறிப்பில் ஒருமுறையாவது எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது நினைவிருக்கிறதா? லட்சம் பேர் பின்தொடர்ந்த கணக்குகள் ஒரே இரவில் காணாமல் போயின. பின்தொடர்பவர்கள் அந்தச் செயலியின் சொத்து. உங்கள் நோட்டில் இருக்கும் தொலைபேசி எண்தான் உங்கள் சொத்து. வாங்குகிறவரிடம், "புதிதாக ஏதும் செய்தால் சொல்லலாமா?" என்று கேட்டு, சரி என்றவர்களின் எண்ணை மட்டும் குறியுங்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த ஒப்புதலைத்தான் கேட்கிறது. யாரோ விற்கும் பத்தாயிரம் எண்களின் பட்டியலை வாங்குவது வீண் செலவு, அதற்கு மேல் வம்பு.

வாட்ஸ்அப்பில் தொழிலுக்கென்றே 2018இல் ஒரு தனிச் செயலி வந்தது. பொருட்பட்டியல், விலை, கடை நேரம் எல்லாம் அதில் வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். பலருக்கு இது தெரியாமல், "அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை" என்று வருத்தப்படுகிறார்கள். பையில் போடும் சீட்டிலேயே, "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடித்துவிடுங்கள்.

மாதம் இரண்டு செய்தி போதும். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பும் கடையை மக்கள் மரியாதையாக மௌனத்தில் போட்டுவிடுகிறார்கள். நேரத்தையும் பாருங்கள். நம் மணி இரவு ஏழரை என்றால் சிங்கப்பூரில் பத்து; அப்போது ஆர்டர் கேட்டால் படுக்கப் போகிறவரை எழுப்பியதுபோல ஆகும். இன்னொன்று: வயதானவர்களுக்கு எழுத்தைவிடக் குரல். கடைக்காரரே தன் குரலில், "ஆச்சி, இந்த வாரம் சீப்புச் சீடை போடுகிறோம், எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று பேசினால் பதில் உடனே வருகிறது. ஆனால் பிறருடைய குடும்பக் குழுவுக்குள் நீங்கள் நுழையக் கூடாது. அந்தக் குழுவில் இருக்கும் ஒருவர் தானாகச் சொல்ல வேண்டும். உங்கள் வேலை அவர் சொல்வதற்கு ஒரு நல்ல படமும் சரியான விலையும் கையில் கொடுத்து வைப்பது.

நான்காம் படி: எதைக் காட்டுவது

செட்டிநாட்டைப் பற்றிய காணொளிகளில் பெரும்பாலானவை ஒன்றுபோல இருக்கின்றன. மேலே பறக்கும் கேமரா, வீட்டின் முற்றம், தேக்குத் தூண், பின்னால் நாதஸ்வரம். அழகுதான். ஆனால் எந்த வீடு, யார் கடை என்று ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை. கையைக் காட்டுங்கள் என்பேன்.

ஆத்தங்குடி டைல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமென்டும் கலந்த உலர்கலவை, பிறகு சாந்து. சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. இறுகியபின் கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது பூவேலை பளபளவென்று வெளியே வரும். அந்த ஒரு நொடிக்காகவே ஒருவர் காணொளியை மூன்று முறை பார்ப்பார். இன்ஸ்டாகிராமில் முதல் இரண்டு மூன்று நொடிக்குள் கட்டைவிரல் நகர்ந்துவிடுகிறது. எனவே முன்னுரையும் வணக்கமும் வேண்டாம். கண்ணாடி பிரியும் கணத்தை முதலில் வைத்து, எப்படிச் செய்தோம் என்பதைப் பின்னால் சொல்லுங்கள். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். தமிழில் பெரிய எழுத்தில் வரிகள் போடுங்கள். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள்.

அதே வேலையை யூடியூபில் பத்து நிமிடமாகப் பொறுமையாகச் சொல்லலாம். வீடு கட்டுகிறவர் அதைத் தேடிப் பிடித்து முழுதும் பார்ப்பார். ஒன்று கண்ணைப் பிடிக்க, மற்றொன்று ஐயம் தீர்க்க.

ஒரு நல்ல படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1919இல் பாரதியார் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது எடுத்த படம் நூறாண்டு கடந்தும் புழக்கத்தில் இருக்கிறது. ஊடகம் மாறும்போது கூடவே மாறத் தெரிந்தவருக்கும் ஊரில் குறைவில்லை. இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கிய, ஏவிஎம் நிறுவனர் ஏ.வி. மெய்யப்பன், பிறகு படம் எடுத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தாவிலேயே ஸ்டுடியோ போட்டார். பின்னாளில் அவருடைய நிறுவனம் தொலைக்காட்சித் தொடரும் எடுத்தது.

ஐந்தாம் படி: தாங்கும் அளவுக்கு மட்டும் கூப்பிடுங்கள்

இதை எந்த விளம்பர வகுப்பிலும் அழுத்திச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பலகாரத் தொழில், ஒரே காணொளியால் படுத்துவிட்டது. உணவுக் காணொளிக்காரர் ஒருவர் தானாகவே வந்து அதிரசத்தைச் சாப்பிட்டுப் பாராட்டிப் போட்டார். மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. இருந்தது இரண்டு அடுப்பு, மூன்று பெண்கள். வந்த ஆர்டர் எல்லாவற்றுக்கும் "சரி" சொன்னார்கள். பாகு பதம் பார்க்க நேரமில்லை, மாவு புளித்தது, கூரியரில் போன தேன்குழல் தூளாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் பாராட்டுக் காணொளிக்குக் கீழேயே வசை வரிசையாக வந்தது. பாராட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் வசையையும் பார்த்தார்கள். முன்பு கெட்ட பெயர் ஊருக்குள் சுற்றித் தேய்ந்துவிடும். இப்போது அது எழுத்தாக அங்கேயே நிற்கிறது.

எனவே விளம்பரத்துக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு செய்ய முடியும்? அதில் பாதியை ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். மீதிக்கு மட்டும் புதியவர்களைக் கூப்பிடுங்கள். "இந்த வாரப் பங்கு முடிந்தது, அடுத்த வெள்ளிக்குப் பதிவு செய்யலாம்" என்று சொல்வதில் வெட்கமில்லை. டைல்ஸ்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வதற்கு நாளாகும் என்பதைக் காணொளியிலேயே சொல்லிவிடுவது நல்லது. எந்தப் பலகாரம் பயணம் தாங்கும் என்பதையும் பாருங்கள். கூரியருக்கு வெள்ளைப் பணியாரத்தைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள். அது சட்டியிலிருந்து இலைக்குப் போக வேண்டியது.

ஆறாம் படி: செய்தித்தாள்

செய்தித்தாள் செத்துவிட்டது என்று சொல்லும் இளைஞர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அதன் வேலை மாறியிருக்கிறது. உங்களைப் பற்றி நான்கு வரி அச்சில் வந்தால் அன்று காலையே யாராவது அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுகிறார்கள். தாளில் படித்தவர் நூறு பேர் என்றாலும் கத்தரித்த படத்தைப் பார்ப்பவர்கள் கடல் கடந்து இருப்பார்கள். தன் பக்கத்தில் தானே எழுதிக்கொண்டதைவிட அச்சில் வந்ததை அவர்கள் நம்புகிறார்கள். சுருங்கச் சொன்னால், செய்தித்தாள் இன்று சாட்சிக் கையெழுத்து.

அதற்குச் செய்திக்குறிப்பு எழுதத் தெரிய வேண்டும். புதியவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பாரம்பரியத்தைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பும் உயரிய நோக்கில் எங்கள் நிறுவனம் உதயமாகிறது." இதில் செய்தி எங்கே? நிருபர் மடித்து வைத்துவிடுவார். கற்பனையாக ஒன்றை மாற்றி எழுதிக் காட்டுகிறேன்: "கானாடுகாத்தானில் மூடிக் கிடந்த சரக்குக் கிட்டங்கி ஒன்று தை முதல் வாரத்தில் கைத்தறிக் கூடமாகிறது. கண்டாங்கி நெய்யத் தெரிந்த ஆறு பேர் இங்கே வேலை செய்வார்கள். சனிக்கிழமைகளில் பள்ளி மாணவர்கள் நெசவைப் பார்க்கலாம்." யார், எங்கே, எப்போது, ஊருக்கு என்ன பயன் என்பது மூன்று வரியில் முடிந்துவிட்டது. உயர்ந்த, தலைசிறந்த, புகழ்பெற்ற என்ற சொற்களையெல்லாம் அடித்துவிடுங்கள்; அவற்றை நிருபர் எழுதினால்தான் மதிப்பு.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தெளிவான படம் இரண்டு, படத்தில் இருப்பவர் யார் என்ற குறிப்பு, எடுத்தால் பேசக்கூடிய ஒருவரின் எண். மதியத்துக்குள் அனுப்புங்கள், மாலையில் அவர்களுக்கு வேலை நெருக்கும். "அச்சாகும் முன் எனக்குக் காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். உறையில் பணம் வைத்துக் கொடுக்காதீர்கள். அது இருவருக்கும் இழுக்கு. உள்ளூர்ப் பகுதிநேர நிருபரை உங்களுக்கு வேலை இருக்கும் நாளில் மட்டும் தேடாமல், அவருக்கு ஒரு தகவல் தேவைப்படும் நாளில் உதவினால் அந்த உறவு நெடுநாள் நிற்கும்.

கண்டாங்கி விற்பவர்களுக்கு ஒரு சொல். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கிருந்தோ வந்த விசைத்தறிச் சேலையை அந்தப் பெயரில் எழுதிச் செய்தியாக்கினால், அதே செய்தியே உங்களுக்கு எதிரான ஆதாரமாகும்.

காசு வாங்கிப் புகழ்பவர்கள்

காணொளிப் பிரபலத்துக்குப் பணமோ இலவசத் தங்கலோ கொடுத்தால், அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குப் புரியும்படி அவர் சொல்லியாக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பொருளைப் பரிந்துரைத்தவருக்கும் அது பொருந்தும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தொடர்பவர் எண்ணிக்கையைவிட, கீழே வரும் கருத்துகளைப் படியுங்கள். "விலை என்ன, எங்கே கிடைக்கும்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்களா, வெறும் பூப்படங்களா?

கவுனி அரிசி விற்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். "சர்க்கரை நோய் தீரும்" என்று ஒரு வரி சேர்த்தால் விற்பனை கூடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் இப்படிப்பட்ட விளம்பரத்தைத் தடுக்கிறது. கவுனி அரிசியின் நிறமும் மணமும் போதாதா? பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி எல்லாம் இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் வாங்கும் முன் அதைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

குறை சொல்லி யாராவது எழுதினால் அன்றே பதில் எழுதுங்கள். வாதாடாதீர்கள். என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறீர்கள், எந்த எண்ணில் பேசலாம் என்ற மூன்றும் போதும். அந்தப் பதில் குறை சொன்னவரைவிட, அதைப் பின்னால் படிக்கப் போகிறவர்களுக்கு. உறவுக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும் வேலை மட்டும் வேண்டாம். நம் ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

பூட்டு திறக்கும் நாள்

இத்தனை சொன்னபின்னும் நோட்டீஸுக்கு ஒரு காலம் உண்டு. கல்யாணம், பொங்கல், கோயில் திருவிழா என்று வரும்போது பூட்டிய வீடுகள் திறக்கின்றன. பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்கும் சடங்குக்காக ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு, இருபது நாள் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லத் தொடங்குங்கள். அவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் பெயரும் நினைவில் இருக்க வேண்டும். ஊரில் இறங்கியபின் கையில் கொடுக்கத் தாள் வேண்டும். அந்த இரண்டு நாள் அவர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

மாதக் கடைசியில் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்கைப் போடும்போது, "எப்படித் தெரியும்" பத்தியையும் கூட்டுங்கள். செய்தித்தாள், வாட்ஸ்அப், காணொளி, ஆள் சொல்லி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் செலவும் வரவும் எதிரெதிரே எழுதுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஒன்றும் தராததை நிறுத்திவிடுங்கள், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும்.

மஞ்சள் நோட்டீஸ் கடைக்காரர் அப்படித்தான் செய்தார். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஐந்நூறு தாள் மட்டும் அடிக்கிறார். திருவிழாவன்று பையனை விட்டுத் திறந்திருக்கும் வீடாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார், ஒவ்வொன்றோடும் ஒரு மாவுருண்டை. தாளில் கடைப் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் மட்டும். ஐயாயிரத்திலிருந்து ஐந்நூறாகக் குறைந்ததில் நஷ்டம் அச்சடித்துக் கொடுக்கும் எனக்குத்தான். மாவுருண்டை மட்டும் எனக்கும் வந்துவிடுகிறது.